வீட்டுக்கு டம்பல்ஸ் வாங்கும் முன் தராசில் வைத்துப் பாருங்கள்

"டம்பல்ஸ் வாங்கப் போறன், எது நல்லம் காக்கா?" என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். கிழக்கில் கடலை அண்டிய ஊர் ஒன்றில் சிறியதோர் உடற்பயிற்சி நிலையத்தைப் பல வருடங்களாக நடத்தி வருபவன் என்பதால் இக்கேள்வி என்னிடம் வருகிறது. முன்பெல்லாம் கேட்டவர்கள் இளைஞர்கள் மட்டும்தான். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் உம்மாவுக்காக மகன் கேட்கிறான். தோள் பிடித்துப்போன ராத்தாவுக்காகத் தம்பி கேட்கிறான். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தமக்காகவே கேட்கிறார்கள்.

இது நல்ல மாற்றம். உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தவர்கள் நடைப்பயிற்சி போன்றவற்றுக்கு மேலதிகமாக வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. எமது மக்கள் நடக்கிறார்கள். சுபஹுக்குப் பின்னர் கடற்கரை வீதியில் பார்த்தால் தெரியும். ஆனால் பாரம் தூக்குவது பொடியன்மாரின் வேலை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து இரத்தத்தில் சேரும் சீனியை அதிகமாக உள்வாங்கும் உறுப்பு தசைதான். வயது போகப் போகத் தசை குறைகிறது; அந்தச் சீனிக்குப் போக இடமும் குறைகிறது. ஆகவே 55 வயது உம்மாவுக்கு 3 கிலோ டம்பல் தேவைப்படுவது 20 வயது மகனுக்குத் தேவைப்படுவதைவிட அதிகம் என்பேன்.

பெண்களுக்கென்று தனியான ஜிம், அல்லது தனியான நேரம், உள்ள ஊர்கள் எம்மிடையே குறைவு. பெரும்பாலான பெண்களுக்கு வீட்டின் ஓர் அறைதான் ஜிம். அந்த அறைக்கு வரும் சாமான் ஆறு மாதத்தில் உடைந்தால், அத்தோடு பயிற்சியும் நின்றுவிடுகிறது. இரண்டாவது முறை வாங்குவதற்கு யாரும் காசு தருவதில்லை. "வாங்கித் தந்தும் செய்யல்லயே" என்ற பேச்சுத்தான் மிஞ்சும். உடைந்தது சாமான், பழி அவர் மீது. இதனால்தான் டம்பல் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை நான் இவ்வளவு பெரிய விடயமாக எடுத்துக்கொள்கிறேன்.

சீமெந்தும் இரும்பும்

கடைகளிலும் முகநூல் விளம்பரங்களிலும் இன்று அதிகம் விற்பனையாவது பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சீமெந்துக் கலவை நிரப்பிய தட்டுகள் கொண்ட செட். நிறம் நிறமாக இருக்கும். அட்டைப் பெட்டியில் அழகாக அடுக்கியிருப்பார்கள். "20 கிலோ செட்" என்று பெரிதாக எழுதியிருக்கும். விலை இரும்பைவிடக் குறைவு என்பதால் கை அங்கேதான் போகும்.

சீமெந்துக் கலவையைவிட வார்ப்பிரும்பு ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தியானது. ஒரு லீற்றர் கொள்ளும் பாத்திரத்தில் வார்ப்பிரும்பை நிரப்பினால் 7 கிலோவுக்கு மேல் வரும். கொங்கிறீட்டை நிரப்பினால் இரண்டரைக் கிலோகூட வராது. எனவே அதே 10 கிலோவைச் சீமெந்தில் செய்தால் தட்டு மூன்று மடங்கு பருமனாகிவிடும். தூக்கும்போது தொடையில் முட்டும். மார்புக்கு மேல் இரண்டையும் சேர்க்கப் பார்த்தால் தட்டும் தட்டும் இடிபடும். தட்டுகள் தடிப்பாக இருப்பதால் கம்பியில் இடம் போதாமல், பாரம் கூட்ட நினைத்தாலும் கூட்ட முடியாது.

இவை எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளலாம். உடைவதைத்தான் சகிக்க முடியாது. பிளாஸ்டிக் ஓடு இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்தது. மாபிள் தரையில் நாலைந்து முறை கொஞ்சம் வேகமாக வைத்தால் அந்த ஒட்டு பிளக்கும். உள்ளேயுள்ள சீமெந்து பொடியாகி வெளியே கொட்டத் தொடங்கும். கொட்டிய அளவுக்குப் பாரம் குறையும். ஒரு கையில் 5 கிலோ, மறு கையில் 4 கிலோ 600 கிராம் என்று ஆகிவிடும். நடுத்துவாரமும் தேய்ந்து பெரிதாகி, தட்டு கம்பியில் ஆடும்.

இரும்புத் தட்டுக்கு இந்தக் கதை கிடையாது. கறள் பிடிக்கும், பெயின்ட் உரியும், அவ்வளவுதான். உடைக்க வேண்டுமென்றே உடைத்தாலொழிய உங்கள் பேரப்பிள்ளையும் பாவிக்கலாம். வேண்டாம் என்று விற்கப் போனாலும் பழைய இரும்பு வாங்குபவர் கிலோவுக்குக் காசு தருவார். சீமெந்துத் தட்டைக் குப்பை வண்டிக்காரர்கூட எடுக்க யோசிப்பார்.

விலையைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, 20 கிலோ சீமெந்து வாங்கும் காசுக்கு 10 கிலோ இரும்பு வாங்குங்கள் என்பதே. தொடக்கத்தில் ஒருவருக்கு அது தாராளமாகப் போதும். பிறகு தட்டுத் தட்டாகச் சேர்க்கலாம். ஆனால் முதலில் வாங்கும்போதே நடுத்துவாரத்தின் அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டுச் செட்களில் 25 மில்லிமீற்றர் தொடக்கம் 28 வரையான கம்பிகள் வரும். பெரிய ஜிம்களில் உள்ள 50 மில்லிமீற்றர் துவாரத் தட்டு இதில் நிற்காது. 28 கம்பிக்கு 25 தட்டு போகவே போகாது.

தட்டைவிடக் கம்பிதான் முக்கியம்

வாங்குபவர்கள் தட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், கம்பியைப் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் என் கண்முன்னே வந்த பழுதுகளில் பெரும்பாலானவை கம்பியிலும் நட்டிலும்தான்.

கம்பி முழு உருக்கா அல்லது குழாயா என்பதை முதலில் அறிய வேண்டும். வெளியே குரோம் பூசியிருந்தால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தராசு காட்டிக் கொடுத்துவிடும். 25 மில்லிமீற்றர் தடிப்பும் 35 சென்றிமீற்றர் நீளமும் உள்ள முழு உருக்குக் கம்பி கிட்டத்தட்ட 1 கிலோ 350 கிராம் இருக்கும். புரி வெட்டியிருப்பதால் சற்றுக் குறையலாம். ஆனால் நட் இல்லாமல் நிறுத்து 600, 700 கிராம்தான் வருகிறது என்றால் உங்கள் கையில் இருப்பது குழாய். குழாயில் புரி வெட்டும்போது சுவர் இன்னும் மெலிகிறது. தட்டின் பாரம் முழுவதும் விழும் இடமும் அதுதான். ஒரு நாள் அங்கேதான் வளையும், அல்லது முறியும். மல்லாந்து படுத்து முகத்துக்கு மேல் தூக்கியிருக்கும் நேரத்தில் அது நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நட். நட்சத்திர வடிவில் வரும் நட்டின் உட்பக்கத்தில் ஓர் இறப்பர் வளையம் இருக்க வேண்டும். தட்டோடு இறுகி, நட் தானாகக் கழலாமல் பிடிப்பது அந்த வளையம்தான். விலை குறைந்த செட்களில் அது இருக்காது, அல்லது ஒரு மாதத்தில் கழன்று காணாமல் போகும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளையங்களில் அளவானதை ஹாட்வெயார் கடையில் சொற்பக் காசுக்கு வாங்கிப் போடலாம். கடையிலேயே நட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். புரியின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே சீராக ஓட வேண்டும். பாதி வழியில் ஆடினாலோ, இழுத்தால் முன்பின்னாக அசைந்தாலோ புரி சரியில்லை. பிளாஸ்டிக் நட் என்றால் வேண்டாம். எவ்வளவு நல்ல நட்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறை தூக்கும் முன்னரும் இரண்டு பக்கமும் ஒரு தடவை இறுக்கும் பழக்கம் வேண்டும். தையல் மெஷினில் உட்கார்ந்ததும் முதலில் ஊசியைப் பார்ப்பது போல.

கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் குரோம் பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம். காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நீளும் எமது கரையில் காற்றோடு உப்பும் வருகிறது. கை வியர்வையும் உப்புத்தான். மலிவான குரோம் பூச்சு மிக மெல்லியது. அதில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தாலும் ஈரம் கீழே இறங்கி, இரும்பு கறள் பிடித்து உப்பும். பின்னர் பூச்சு செதில் செதிலாக எழும்பும். அந்தச் செதில் கையைக் கிழிக்கும். அதை வீட்டில் திருத்தவும் முடியாது. வெறும் இரும்பும், பெயின்ட் அடித்த இரும்பும் அப்படியல்ல. கறள் வந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிதாகப் பூசி, மீண்டும் துடைத்துவிட்டால் போதும். தட்டுக்கு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிக்கலாம். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. அது சில நாட்களில் பிசுபிசுத்து ஊத்தையைச் சேர்ப்பதால் நான் சொல்வதில்லை. அக்குறணை, மாவனல்லை பக்கம் உள்ளவர்களுக்கு உப்புக் காற்று இல்லை. ஆனால் மழைக்கால ஈரம் உண்டு என்பதால் அவர்களும் வெறும் தரையில் வைக்காமல் பலகை மீது வைப்பது நல்லது.

ஒரே துண்டாக வருபவை

தட்டு மாற்றும் வேலை வேண்டாம் என்பவர்களுக்கு நிலையான டம்பல்கள் இருக்கின்றன. 1 கிலோ தொடக்கம் 4, 5 கிலோ வரை நிறப் பூச்சுடன் வருபவை உம்மாமாருக்கு மிகவும் உகந்தவை. உள்ளே ஒரே வார்ப்பாக இரும்பு இருந்தால் உடைவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் இதே தோற்றத்தில் உள்ளே மணலோ சீமெந்தோ நிரப்பியவையும் விற்கப்படுகின்றன. இரண்டு கடைகளில் 3 கிலோ டம்பலைப் பார்த்து, ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியுமளவு பருமனாக இருந்தால் பருமனானதை விட்டுவிடுங்கள்.

அறுகோணத் தலையுள்ள, இறப்பர் பூசிய டம்பல்கள் உருளாது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இது பெரிய நன்மை. தரையையும் உடைக்காது. இவற்றில் தலையும் கைப்பிடியும் சேரும் இடமே பலவீனமானது. ஒரு கையால் ஒரு தலையையும் மறு கையால் மற்றதையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் வைத்துவிடுங்கள். இன்று மயிரிழை, அடுத்த வருடம் தலையே கழலும். மூக்கில் குத்தும் மணம் வந்தால் மட்டமான பழைய இறப்பர். அது வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். நல்ல இறப்பரையும் வெயில் படும் பல்கனியில் வைக்கக் கூடாது. வெள்ளை டைல்ஸ் மேல் மாதக்கணக்கில் வைத்தால் கறையும் பிடிக்கும், வீட்டுக்காரி ஏசுவாள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவரும் இன்னொரு வகை உண்டு. சில்லைத் திருப்பினால் வேண்டிய பாரம் மட்டும் கைப்பிடியோடு எழும்பும். இடத்தை மிச்சப்படுத்தும் அருமையான யோசனைதான். ஆனால் பாரத்தைப் பிடித்து வைத்திருப்பவை உள்ளேயுள்ள சிறு கொக்கிகளும் பற்சில்லுகளும். 2025 ஜூன் மாதம் அமெரிக்காவில் போஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் 552, 1090 ஆகிய இரு மாதிரிகளில் சுமார் 38 இலட்சம் டம்பல்கள் மீளப் பெறப்பட்டன. பாவிக்கும்போது தட்டுகள் கைப்பிடியிலிருந்து கழன்று விழக்கூடும் என்பதே காரணம். காயப்பட்டவர்களும் இருந்தனர். உங்கள் வீட்டில் அவ்விரு மாதிரிகளில் ஒன்று இருந்தால் பாவிப்பதை நிறுத்திவிட்டு நிறுவனத்தின் அறிவித்தலைப் பாருங்கள். பெயர் பெற்ற நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், பெயரே இல்லாத போலிகளைப் பற்றி நான் என்ன சொல்ல? இவை பழுதானால் எமது ஊர்களில் உதிரிப்பாகமும் கிடைக்காது. கம்பிக்கு நட் தொலைந்தால் லேத்காரரிடம் போகலாம், கொக்கி உடைந்தால் யாரிடம் போவது?

காசு கொடுக்கும் முன்

விற்பவர் சொல்லும் கிலோவை நம்ப வேண்டியதில்லை. பக்கத்துச் சில்லறைக் கடைத் தராசில் ஒவ்வொரு தட்டாக வைத்துப் பாருங்கள். வார்ப்பில் 5 கிலோத் தட்டு 100 கிராம் கூடிக் குறைவது சகஜம். சோடியாக வரும் இரண்டும் தமக்குள் ஒத்திருக்கிறதா என்பதே முக்கியம். தட்டில் வெறுமனே "10" என்று மட்டும் இருந்தால் அது இறாத்தலாக இருக்கலாம். 10 இறாத்தல் என்பது நாலரைக் கிலோதான். "20 கிலோ செட்" என்பதில் கம்பியும் நட்டும் சேர்த்தா, தட்டுகள் மட்டுமா என்றும் கேளுங்கள். ஒன்லைனில் வாங்குபவர்கள் பற்றுச்சீட்டில் கிலோவையும் "இரும்பு" என்ற சொல்லையும் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காமல் விடலாம். எழுதித் தந்துவிட்டு ஏமாற்றினால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

பாவித்த சாமானை வாங்க வெட்கப்படத் தேவையில்லை. கொரோனா காலத்தில் ஜிம்கள் மூடியிருந்தபோது பலர் வீட்டுக்கு வாங்கினார்கள். அதில் பாதி இன்று கட்டிலுக்கடியில் கிடக்கிறது. மேலே கறள் இருந்தால் விலை பேசுவதற்கு உங்களுக்கு வசதி, வேறொன்றுமில்லை. வெடிப்பு மட்டும் இருக்கக் கூடாது. தட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு இன்னோர் இரும்பால் தட்டுங்கள். நல்ல தட்டு மணிபோல ஒலிக்கும். வெடித்தது "டொக்" என்று அடங்கும். வார்ப்பிரும்பு வெடித்தால் ஊரிலுள்ள சாதாரண வெல்டிங் அதில் நிலைக்காது. ஒட்டித் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

பால்மாப் பேணியில் சீமெந்து ஊற்றி நடுவில் குழாய் நட்டு டம்பல் செய்யும் பொடியன்மாரை நான் கேலி செய்ய மாட்டேன். கையில் காசில்லாமல் முயற்சி செய்கிறவன் அவன். ஆனால் சீமெந்துக்குள் போகும் குழாய் முனையில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டிங் செய்யாமல் ஊற்றினால், காய்ந்த பின் குழாய் உருவி வந்துவிடும். இரண்டு பேணிக்கும் கலவையை நிறுத்துப் போடுங்கள். தலைக்கு மேல் தூக்கும் பயிற்சிகளுக்கு இதைப் பாவிக்கவே வேண்டாம்.

இனி எவ்வளவு பாரம் என்பது. வாங்கும் முன் ஒரு வாரம் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலோடு செய்து பார்க்கச் சொல்கிறேன். அது ஒன்றரைக் கிலோ. கைக்கு 12 தடவை தூக்கி முடிக்கையில் இன்னும் 10 தடவை தூக்கலாம் போலிருந்தால் பாரம் போதாது. பெண்கள் 2 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று கடைக்காரர்கள் சொல்வது வீண் கதை. தண்ணீர்க் குடம் இடுப்பில் சுமந்தவர்கள் எமது உம்மாமார். தோளுக்கு 2 கிலோ சரியாக இருக்கும் அதே பெண்ணுக்கு, கதிரையில் உட்கார்ந்து எழும்பும் பயிற்சிக்கு 5 கிலோவும் போதாமல் போகும். அதனால்தான் ஒரே குடும்பத்தில் பலர் பாவிக்கும் வீட்டுக்குத் தட்டு மாற்றும் இரும்புச் செட்டை விரும்புகிறேன். நட்டோடு 2 கிலோ வரும் இரண்டு கம்பி, இரண்டரைக் கிலோத் தட்டு நான்கு, ஒன்றே கால் கிலோத் தட்டு நான்கு, அரைக் கிலோத் தட்டு நான்கு. இதை வைத்துக்கொண்டு உம்மா வெறும் கம்பியோடு 2 கிலோவில் தொடங்கலாம், பிறகு 3, நாலரை, ஐந்தரை என்று ஏறலாம். மகன் பத்தரை வரை போகலாம். அரைக் கிலோத் தட்டைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். 2 கிலோவிலிருந்து ஒரேயடியாக நாலரைக்குத் தாவ முடியாமல் நின்றுவிடுபவர்களை அந்தச் சின்னத் தட்டுத்தான் காப்பாற்றுகிறது.

கைப்பிடியையும் பாவிக்கப் போகிறவரின் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். விரல்கள் சுற்றி வந்து பெருவிரலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கைக்குத் தடிப்பு அதிகம். சீனிக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள், பிரஷர் உள்ளவர்கள், சீனியால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் தமது டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். தூக்கும்போது மூச்சைப் பிடித்து வைக்கவும் கூடாது.

வீட்டில் வைக்குமிடம் அலுமாரிக்கு மேல் என்றால் நாளைக்கே கீழே இறக்குங்கள். வட்டத் தட்டு உருளும், பிள்ளையின் கால் விரல் நசியும். சுவரோரமாக ஒரு பலகை, அதன் மேல் இரண்டு பக்கமும் சிறு சட்டம் அடித்தால் போதும். உம்மா நாளாந்தம் நடந்து போகும் வழியில், கண்ணில் படும் இடமாக இருக்கட்டும்.